சல்லிக்கல் சொல்லும் சரித்திரம்

ரயில் பாதையோரம் காலில் இடறும் சல்லிக்கல்லை நாம் குனிந்து பார்ப்பதில்லை. ஆயினும் மலையகத்தின் சரித்திரத்தில் அதற்கும் ஓர் அத்தியாயம் உண்டு.

ஆற்றுக் கூழாங்கல் நீரில் உருண்டு உருண்டு வழுவழுப்பானது. பாரம் ஏறினால் வழுக்கும். பாறையை உடைத்தெடுத்த சல்லியோ கூரிய விளிம்புகளை உடையது. ஒன்றையொன்று கவ்விக்கொண்டு நகராமல் நிற்கும். இவ்வுண்மையைக் கொண்டே ஸ்கொத்லாந்து தேசத்து மக்கடம் என்பவர் 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் உடைகல் பரப்பிச் சாலையிடும் முறையை வகுத்தார். ரயில் பாதையில் சல்லி சிலிப்பர் கட்டையைப் பிடித்து நிறுத்துகிறது, வண்டியின் பாரத்தை நிலத்தில் பரப்புகிறது, மழைநீரை வடியவிடுகிறது. அடைமழை பெய்யும் நம் மலைகளில் சல்லியின்றி ரயில் ஓடுவது எங்ஙனம்?

இனி அதன் பூர்வீகத்தைப் பார்ப்போம். மலையகப் பாறைகளில் சார்னோக்கைட் ஒருவகை. பூமியின் ஆழத்தில், கடும் வெப்பத்திலும் அழுத்தத்திலும் சுமார் 55 கோடி ஆண்டுகளுக்கு முன் உருமாறியவை இப்பாறைகள். தமிழ்நாட்டிலும் இவ்வகைக் கல் உண்டு. கல்கத்தாவில் ஜோப் சார்னோக் என்ற ஆங்கில வணிகரின் கல்லறைக்குச் சென்னைப் பக்கத்துக் கல்லையே வைத்தார்கள். அதை 1893இல் ஆராய்ந்த ஹொலண்ட் என்னும் அறிஞர், அவர் பெயரையே கல்லுக்கும் இட்டார். கடல் கடந்து வந்த நம் முன்னோருக்குக் கண்டிச் சீமையின் கல் அந்நியமானதன்று!

1867இல் கண்டிக்கு வந்த ரயில், 1874இல் நாவலப்பிட்டியையும், 1884இல் அட்டனையும், 1885இல் நானுஓயாவையும் அடைந்தது. பட்டிப்பொலைக்கு அப்பால் 1898 மீற்றர் உயரத்தைத் தாண்டி, 1924இல் பதுளை சேர்ந்தது. மலையைக் குடைந்தும் கல்லை உடைத்தும் இப்பாதையை அமைத்தவர்களில் தென்னிந்தியத் தொழிலாளர் பெருந்தொகையினர்.

கண்டி வீதியை அமைத்த கப்டன் டோசனுக்குக் கடுகண்ணாவையில் ஒரு கோபுரம் நிற்கிறது. அவ்வீதிக்காக இராஜகாரிய ஊழியத்தில் உழைத்த சிங்களக் குடியானவருக்கோ, பின்னர் ரயில் பாதையில் கல்லுடைத்த தமிழருக்கோ பெயர் பொறித்த கல் உண்டா? போதாததற்கு, 1948ஆம் ஆண்டின் பிரசாவுரிமைச் சட்டம் மலையகத் தமிழரில் பெரும்பாலோரை நாடற்றவராக்கியது. எஞ்சியிருந்தோரின் குறை தீர 2003ஆம் ஆண்டுச் சட்டம் வரை காத்திருக்க வேண்டியதாயிற்று.

இளைஞர்களே! உங்கள் தோட்டத்துப் பெரியவர்களிடம் அமருங்கள். யார் பாட்டன் எந்தப் பாதையில் கல்லுடைத்தான் என்று கேளுங்கள். கேட்டதை எழுதி வையுங்கள். கோபுரம் கட்ட நம்மிடம் பணமில்லாதிருக்கலாம். ஒரு கொப்பிப் புத்தகமும் பேனாவுமா இல்லை?