சமையற்கட்டுக்கு வந்த கணிதமேதை

கையில் இருக்கும் பணத்துக்குள், சத்தும் குறையாமல், குடும்பத்துக்குச் சமைத்துப் போடுவது எப்படி? இல்லத்தரசிகள் மனக்கணக்காகவே தீர்த்துவிடும் இந்தக் கேள்வி, ஒரு காலத்தில் பெரிய அறிஞர்களையே திணறடித்தது என்றால் நம்புவீர்களா?

1945-ஆம் ஆண்டு அமெரிக்கப் பொருளாதார அறிஞர் ஜார்ஜ் ஸ்டிக்லர் ஒரு கட்டுரை வெளியிட்டார். 154 பவுண்டு எடையுள்ள ஓர் ஆடவருக்கு ஓராண்டுக்குத் தேவையான உணவை ஆகக் குறைந்த செலவில் கொடுப்பது எப்படி என்பதே அதன் கேள்வி. கலோரி, புரதம், இரும்புச்சத்து, வைட்டமின்கள் என 9 தேவைகள். தேர்ந்தெடுக்க 77 உணவுப் பொருள்கள்.

இதைத் தீர்க்க அன்று நேரடியான வழிமுறை அவர் கையில் இல்லை. பயன் குறைந்தவற்றைக் கழித்து, 77-ஐ 15-ஆகக் குறைத்து, மாற்றி மாற்றிப் போட்டுப் பார்த்தார். கிடைத்த விடை, 1939-ஆம் ஆண்டு விலைப்படி, வருடத்துக்கு 39 டாலர் 93 காசு! கோதுமை மாவு, டின் பால், முட்டைக்கோஸ், பசலைக்கீரை, காய்ந்த பீன்ஸ். இவ்வளவுதான் சாப்பாடு. இதை யாருக்கும் சிபாரிசு செய்யவில்லை என்று அவரே சொல்லிவிட்டார்.

1947-இல் அமெரிக்க ஆகாயப் படையின் திட்டமிடும் பணியில் இருந்த கணித அறிஞர் ஜார்ஜ் டான்ட்சிக், 'சிம்பிளக்ஸ்' என்ற முறையைக் கண்டுபிடித்தார். எவற்றை முடிவு செய்ய வேண்டும், எதைக் குறைக்க வேண்டும், எந்த வரம்புகளை மீறக்கூடாது என்று மூன்றையும் கணக்காக எழுதிவிட்டால், படிப்படியாக ஆகச் சிறந்த விடைக்கே கொண்டு சேர்க்கும் முறை அது.

அதைச் சோதிக்க ஸ்டிக்லரின் உணவுக் கணக்கையே எடுத்துக்கொண்டார் ஜாக் லேடர்மன். கையால் இயக்கும் கணக்கு இயந்திரங்களைக் கொண்டு, ஓர் ஆள் செய்தால் 120 நாள் பிடிக்கும் வேலை. முடிவு: 39 டாலர் 69 காசு. ஸ்டிக்லரின் உத்தேசம் வெறும் 24 காசுதான் தவறியிருந்தது!

இனிமேல்தான் வேடிக்கை. 1950-களின் தொடக்கத்தில் டான்ட்சிக்கை உடல் எடையைக் குறைக்கச் சொன்னார் மருத்துவர். கணினிதான் இருக்கிறதே என்று, கலோரி வரம்புக்குள் வயிறு நிறைந்த உணர்வு தரும் உணவைக் கண்டுபிடிக்கக் கணக்குப் போட்டார். வயிறு நிறைவதை எப்படி அளப்பது? உணவின் எடையில் நீரின் எடையைக் கழித்தால் போதும் என்று முடிவு செய்தார்.

கணினி சொன்ன உணவில் 500 கேலன் வினிகர் இருந்தது! பட்டியலில் வினிகரின் நீர் அளவு பூஜ்யம் என்று பதிவாகியிருந்ததே காரணம். வினிகரை நீக்கினார். அடுத்து, நாளுக்கு 200 சூப் கட்டிகள் என்றது. மறுநாள் காலை மூன்றை மட்டும் வெந்நீரில் கரைத்துப் பார்த்தார். உப்பு தாங்கவில்லை. உப்புக்கு மேல்வரம்பு இருக்க வேண்டும் என்று யாரும் கணினியிடம் சொல்லவில்லை. வரம்பு வைத்தார். உடனே இரண்டு பவுண்டு தவிடு! அதற்கும் வரம்பு வைத்தால், இரண்டு பவுண்டு கரும்புப் பாகு!

கடைசியில் அவருடைய மனைவி ஆன் பொறுமை இழந்தார். கணினியின் விடைகளில் உருப்படியானதை மட்டும் எடுத்துக்கொண்டு, மீதியைத் தானே தீர்மானித்தார். டான்ட்சிக் 22 பவுண்டு குறைந்தார்.

இதில் கணினி ஒரு தவறும் செய்யவில்லை என்பதைக் கவனிக்க வேண்டும். கேட்ட கேள்விக்குச் சரியான பதிலைத்தான் அது சொன்னது. குறை கேள்வியில் இருந்தது. வீட்டில் எல்லாருக்கும் தெரிந்திருப்பதாலேயே யாரும் வாய்விட்டுச் சொல்லாத வரம்புகள் எத்தனையோ உண்டு. நாக்குக்கும் ஒரு வரம்பு உண்டு அல்லவா?

பின்னாளில் எண்ணெய்ச் சுத்திகரிப்பு, விமானப் பயண அட்டவணை, கால்நடைத் தீவனக் கலவை என்று எங்கெங்கோ இந்தக் கணிதம் பரவியது. ஒவ்வொரு துறையிலும் முதல் விடை வந்ததும், அந்தத் தொழிலில் ஊறியவரிடம் காட்டி, "இது நடக்குமா?" என்று கேட்க வேண்டியிருக்கிறது. நடக்காது என்றால், ஏன் நடக்காது என்ற காரணமே அடுத்த வரம்பு.

நம் பிள்ளைகள் கணக்கைத் தீர்க்கப் பள்ளியில் கற்கிறார்கள். கணக்கை அமைக்க, ஆனைப் போன்றவர்களிடமும் அவர்கள் கற்க வேண்டும்.