டோனி புரூக்ஸ்

டோனி புரூக்ஸ் (25 பிப்ரவரி 1932 – 3 மே 2022) இங்கிலாந்தின் கார் பந்தய வீரர். ஃபார்முலா ஒன் உலகப் போட்டிகளில் ஆறு கிராண்ட் பிரீ வெற்றிகளில் இவர் பெயர் இருக்கிறது. 1959-இல் உலக சாம்பியன் பட்டத்துக்கான போட்டியில் இரண்டாம் இடம் பெற்றார். ஸ்டர்லிங் மோஸ், மைக் ஹாத்தோர்ன், பீட்டர் காலின்ஸ் ஆகியோரின் காலத்தில் ஓட்டியவர். அவர்களுக்குக் கிடைத்த புகழ் இவருக்குக் கிடைக்கவில்லை. உலகம் சரியாக அறியாமல் போன மாபெரும் ஓட்டுநர் இவரே என்பது மோஸின் கருத்து.

செஷயர் மாவட்டத்தின் டக்கின்ஃபீல்டில் பல் மருத்துவர் ஒருவரின் மகனாகப் பிறந்தார். மான்செஸ்டர் பல்கலைக்கழகத்தில் தானும் பல் மருத்துவம் படித்தார். 1952-இல் வீட்டிலிருந்த ஹீலி காரைக் கொண்டு உள்ளூர்ப் பந்தயங்களில் இறங்கினார். படிப்பை விடாமல், வாரக் கடைசிகளில் மட்டுமே ஓட்டினார்.

திருப்புமுனை 1955 அக்டோபரில் சிசிலித் தீவின் சிராக்கூசாவில் வந்தது. பணத்தட்டுப்பாட்டில் இருந்த பிரிட்டிஷ் கார் நிறுவனமான கானாட் இவரை அழைத்திருந்தது. அதற்குமுன் இவர் ஃபார்முலா ஒன் காரை ஓட்டியதே இல்லை. விமானத்தில் போகும்போதும் தேர்வுக்குப் படித்துக்கொண்டு போனார். கார்கள் வந்துசேரத் தாமதமானதால் வாடகை ஸ்கூட்டரில் சுற்றிவந்து தடத்தை மனத்தில் பதித்துக்கொண்டார். பந்தயத்தில் மசெராட்டி நிறுவனத்தின் சொந்த அணியையே தோற்கடித்தார். 1924-இல் ஹென்றி சீக்ரேவ் சன்பீம் காரில் சான் செபாஸ்டியனில் வென்றபின், பிரிட்டிஷ் வீரர் ஒருவர் பிரிட்டிஷ் காரில் பெற்ற முதல் கிராண்ட் பிரீ வெற்றி இது. உலக சாம்பியன் பட்டக் கணக்கில் சேராத பந்தயம்தான். என்றாலும் இத்தாலியக் கார்களை வெல்ல முடியும் என்ற நம்பிக்கை இங்கிலாந்தின் பட்டறைகளுக்கு இங்கிருந்துதான் வந்தது.

அடுத்து வந்த இரண்டு விபத்துகள் இவரது போக்கையே தீர்மானித்தன. 1956-இல் சில்வர்ஸ்டோனில் பி.ஆர்.எம். காரின் ஆக்சிலேட்டர் இணைப்பு பழுதானது. பிட் எனப்படும் பழுதுபார்க்கும் இடத்தில் சரிசெய்துகொண்டு மீண்டும் கிளம்பியபோது அது திறந்தபடியே சிக்கிக்கொள்ள, வண்டி கவிழ்ந்து எரிந்தது. தூக்கி வீசப்பட்டதால் உயிர் தப்பினார். 1957 ஜூனில் லெ மான் பந்தயத்தில் ஆஸ்டன் மார்ட்டினின் கியர் சிக்கியது. அதை விடுவிக்க முயன்ற வேளையில் கார் தடம் விலகிக் கவிழ்ந்தது. இரண்டும் பழுதுபட்ட வண்டியைத் தொடர்ந்து ஓட்டியதால் நேர்ந்தவை. இவர் கத்தோலிக்கர். கடவுள் தந்த உயிரைத் தேவையின்றிப் பணயம் வைப்பது தற்கொலைக்கு நிகரான பாவம் என்று கருதினார். பழுதுள்ள காரை இனி ஓட்டுவதில்லை என உறுதி பூண்டார்.

லெ மான் காயங்கள் ஆறுவதற்குள், 1957 ஜூலையில் எய்ன்ட்ரீயில் நடந்த பிரிட்டிஷ் கிராண்ட் பிரீயில் வான்வால் காரை ஓட்டினார். சக அணியினரான மோஸின் கார் பழுதாகவே, தன் காரை அவரிடம் கொடுத்தார், மோஸ் வென்றார். உலக சாம்பியன் பட்டப் பந்தயத்தில் பிரிட்டிஷ் கார் பெற்ற முதல் வெற்றி இருவர் பெயரிலும் பதிவானது.

1958-இல் ஸ்பா, நியூர்பர்க்ரிங், மோன்சா ஆகிய மூன்று கடினமான தடங்களிலும் வென்றார். ஓட்டுநரின் திறமையை உரைத்துப் பார்க்க அந்த நாளில் இவற்றைவிடச் சிறந்த தடங்கள் இல்லை. நியூர்பர்க்ரிங்கில் ஃபெராரியின் ஹாத்தோர்னையும் காலின்ஸையும் முந்திச் சென்றார். இவரைத் துரத்திவந்த காலின்ஸ் தடம் விலகி உயிரிழந்தார். தயாரிப்பாளர்களுக்கான முதல் உலகப் பட்டத்தை அந்த ஆண்டு வான்வால் பெற்றது. ஆனால் அணியின் ஓட்டுநர் ஸ்டூவர்ட் லூயிஸ்-எவன்ஸ் மொரோக்கோ பந்தயத்தில் தீக்காயமுற்று இறந்துபோனார். உடல்நலமும் குன்றியிருந்த உரிமையாளர் டோனி வாண்டர்வெல் முழு அளவிலான பந்தயத்திலிருந்து விலகினார்.

1959-இல் ஃபெராரிக்குச் சென்ற புரூக்ஸ், ரெய்ம்ஸிலும் பெர்லினின் ஆவுஸ் தடத்திலும் வென்றார். டிசம்பரில் அமெரிக்காவின் செப்ரிங்கில் நடந்த கடைசிப் பந்தயத்துக்கு வரும்போது ஜாக் பிராபாம், மோஸ், புரூக்ஸ் மூவருக்குமே பட்டம் வெல்ல வாய்ப்பிருந்தது. முதல் சுற்றிலேயே சக அணியினரான வோல்ஃப்காங் ஃபான் டிரிப்ஸின் கார் பின்னாலிருந்து இவர் காரில் மோதியது. எப்படியாவது ஓட்டிவிட வேண்டும் என்ற உந்துதல் இவருக்கும் இருந்தது. ஆனாலும் பிட்டுக்குள் திரும்பிக் காரைச் சோதிக்கச் சொன்னார். பெரிய சேதம் ஏதுமில்லை. இழந்த நேரமோ திரும்பவில்லை. மூன்றாவதாக முடித்தார். பிராபாம் 31 புள்ளிகளுடன் சாம்பியனானார், புரூக்ஸுக்கு 27. இதைத் துணிவின்மை என்று சொன்னவர்கள் உண்டு. உலகப் பட்டம் கையெட்டும் தொலைவில் நின்றபோதும் தனக்குத்தானே கொடுத்த வாக்கைக் காத்ததற்கு ஸ்பாவில் வேகமெடுப்பதைவிட அதிகத் துணிவு தேவைப்பட்டிருக்கும்.

அதன்பின் கிடைத்த கார்கள் இவரது திறமைக்கு ஈடாகவில்லை. 1961-இல் வாட்கின்ஸ் கிளெனில் பி.ஆர்.எம். காரில் மூன்றாவதாக வந்து, 29 வயதில் ஓய்வு பெற்றார். பிறகு வெய்பிரிட்ஜில் கார் விற்பனை நிலையம் நடத்தினார். 2012-இல் தன்வரலாறு வெளிவந்தது. 2020-இல் மோஸ் மறைந்தபின், 1950களில் கிராண்ட் பிரீ வென்றவர்களில் உயிரோடிருந்தவர் இவர் மட்டுமே. 90-ஆம் வயதில் காலமானார்.