கண்மாய் மண்ணிலிருந்து கிள்ளானுக்கு

மழை பொய்த்தது, கப்பல் ஏறினார்கள். கிள்ளான், பிரிக்பீல்ட்ஸ் தமிழர்களின் வருகையை இப்படிச் சொல்லி முடித்துவிடுவது வழக்கம். இது பாதிக் கதைதான்.

இராமநாதபுரம் போன்ற வறண்ட சீமையில் நெல் விளைந்ததே கண்மாயால். சில வாரங்களே கொட்டும் வடகிழக்குப் பருவமழையை வரத்துக்கால் கொண்டு வரும். மடை வழியே வயலுக்குப் பாயும். மிஞ்சிய நீர் கலுங்கு தாண்டி அடுத்த ஊர்க் கண்மாய்க்குப் போகும். மேலூர்க் கரை உடைந்தால் கீழூருக்கும் ஆபத்து. தூர் வாருவதும் கரை உயர்த்துவதும் ஊரார் கடமை. அதன் பெயர் குடிமராமத்து.

ஆங்கிலேயர் ஆட்சியில் இது தளர்ந்தது. 1858-ல் சென்னை மாகாணத்தில் கட்டாய உழைப்புச் சட்டமே வந்தது. பழைய ஒழுங்கு திரும்பவில்லை. வரி வசூலில் இருந்த கண்டிப்பு கரையைக் காப்பதில் இல்லை. ரயிலைவிடப் பாசனத்துக்கே பணம் வேண்டும் என்று ஆர்தர் காட்டன் ஓயாமல் வாதாடினார். 1876-78 பஞ்சம் லட்சக்கணக்கானோரைக் கொன்றது.

பின்னாளில் கங்காணிகளோடு கிள்ளான் வந்தவர்கள் கண்டது நேர்மாறான நிலம். காப்பியோ ரப்பரோ, கரையோரத் தாழ்நிலத்தில் நிற்க வேண்டுமானால் தண்ணீரை வெளியேற்ற வேண்டும். கேரித் தீவில் கடலைத் தடுக்கக் கரை, மழைநீர் வடியக் கால்வாய். இங்கே வடிகால் அடைத்தால் முதலாளிக்கு நஷ்டம்; உடனே ஆள் இறங்கும். ஊரில் மடை தூர்ந்தபோது நஷ்டம் குடியானவனுக்கு மட்டுமே.