கலப்படமும் கலவையும்

விஸ்கியைப் பற்றிப் பேசப்போகிறேன் என்றதும் நண்பர்கள் சிலர் சிரித்தார்கள். உண்மையில் நான் பேச வந்தது இரண்டு சொற்களைப் பற்றி. 'கலவை' என்றால் நமக்கு உறுத்துவதில்லை. 'கலப்படம்' என்றால் வழக்குப் போடுவோம். இரண்டுக்கும் வேர் ஒன்றுதான். ஸ்காட்ச் விஸ்கி ஐம்பது ஆண்டுகள் இந்த இரண்டு சொற்களுக்கும் நடுவே நின்றிருக்கிறது.

சில ஆண்டுகளுக்கு முன் எடின்பரோவின் அஷர் ஹாலில் ஓர் இசை நிகழ்ச்சி கேட்டேன். 1914இல் திறந்த, குவிமாடம் வைத்த அழகான அரங்கம். வீடு திரும்பியதும், யார் இந்த அஷர் என்று தேடினேன். ஆண்ட்ரூ அஷர் ஒரு விஸ்கி வியாபாரி. நகரத்துக்கு அரங்கம் கட்ட 1896இல் ஒரு லட்சம் பவுண்டு கொடுத்தவர். கலவை விஸ்கியில் வந்த பணம்.

அவர் கலந்தது எதை? மால்ட் விஸ்கி என்பது முளைகட்டிய பார்லியை மட்டும் ஊறவைத்து, நொதிக்கவிட்டு, செம்புப் பானைகளில் தவணை தவணையாகக் காய்ச்சி வடிப்பது. மணம் கனமானது; ஊருக்கு ஊர் மாறும். கிரெயின் விஸ்கி சோளத்திலோ கோதுமையிலோ கொஞ்சம் பார்லி மால்ட் சேர்த்து, கோபுரம் போன்ற இயந்திரத்தில் இடைவிடாமல் வடிப்பது. லேசானது, மலிவானது. அந்த இயந்திரத்துக்கு 1830இல் காப்புரிமை பெற்றவர் ஏனியஸ் காஃபி. அயர்லாந்தில் கலால் அதிகாரியாக இருந்தவர். அயர்லாந்தின் பெரிய ஆலைகள் அதில் சுவையே இல்லை என்று ஒதுக்கின. ஸ்காட்லாந்து எடுத்துக்கொண்டது.

1860இல் வந்த சட்டம், வரி கட்டுவதற்கு முன்பே கிடங்கில் வைத்து இரண்டையும் கலக்க அனுமதித்தது. அஷர் போன்றவர்களுக்கு அதுவே வாசல். இத்தொழிலில் புகழ்பெற்ற வாக்கரும் சிவாஸும் அடிப்படையில் மளிகைக்காரர்கள். இந்த வருடம் வாங்கிய சுவை அடுத்த வருடமும் வேண்டும் என்று கேட்கும் வாடிக்கையாளரை அறிந்தவர்கள். கலப்பவரின் கருவி நாக்கைவிட மூக்குதான். தண்ணீர் விட்டு வீரியத்தைக் குறைத்து, முகர்ந்து, பல ஆலைகளின் பீப்பாய்களிலிருந்து தேர்ந்தெடுப்பார். பிரான்சில் பூச்சி திராட்சைக் கொடிகளை அழித்து பிராந்தி அரிதானபோது, லண்டன் இந்தக் கலவைக்கு மாறியது.

அப்போதுதான் வழக்கு வந்தது. லண்டனின் இஸ்லிங்டன் நகரசபை 1905இல் மதுக்கடைக்காரர்கள்மீது குற்றம் சாட்டியது: கேட்டது விஸ்கி, கொடுத்தது விஸ்கி அல்ல. 1906இல் நீதிபதி நகரசபையின் பக்கம் தீர்ப்பளித்தார். மேல்முறையீட்டில் நீதிபதிகள் சரிபாதியாகப் பிரிந்தார்கள். 1908இல் அரச ஆணையம் அமைந்தது. 1909இல், தானியத்திலிருந்து எந்த இயந்திரத்தில் வடித்தாலும் விஸ்கியே என்றது.

நான் நெடுங்காலம் மால்ட்காரர்களின் கட்சி. ஆனால் ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டும். அவர்கள் வடித்ததில் பெரும்பகுதியை வாங்கியதே கலப்பவர்கள்தான். இன்றும் அப்படித்தான். கலவை இல்லாதிருந்தால், இன்று நாம் தேடிப்போகும் பல மால்ட் ஆலைகள் பிழைத்திருக்காது.

உலகப்போரின்போது, 1915இல், கிடங்கில் வைத்திருக்கவேண்டிய குறைந்தபட்சக் காலம் சட்டமானது. இன்று அது ஓக் பீப்பாயில் மூன்று ஆண்டுகள். புட்டியில் 12 என்று போட்டிருந்தால், கலந்தவற்றில் ஆக இளையதற்கு வயது 12. முப்பது வருட விஸ்கியைச் சேர்த்தாலும் கூட்டிச் சொல்ல முடியாது. அந்த நேர்மை எனக்குப் பிடிக்கும்.

ஆனால் மால்ட் எவ்வளவு, கிரெயின் எவ்வளவு? குறைந்தது இவ்வளவு மால்ட் வேண்டும் என்று 1909இலும் சொல்லவில்லை, இன்றைய சட்டமும் சொல்லவில்லை. புட்டியிலும் அது இருப்பதில்லை. கலப்பது குற்றமல்ல என்பது தீர்ந்துவிட்டது. எதை எவ்வளவு கலந்தோம் என்று வாங்குபவரிடம் சொல்லவேண்டுமா என்பது தீரவில்லை. கலவைக்கும் கலப்படத்துக்கும் நடுவே கோடு கிழிப்பதாக இருந்தால், நான் அங்கேதான் கிழிப்பேன்.