ஜாவாவின் உவர்நீர்க் குளங்கள்

ஜாவாத் தீவிலே, மஜபாஹித் சாம்ராஜ்யத்தின் காலத்திலேயே, கரையோரச் சதுப்பைத் திருத்திக் கரைகட்டி, மதகு வைத்து, வேலியேற்றத்தின்போது கடல்நீரை உள்ளே விட்டு மீன் வளர்த்த 'தம்பாக்' என்னும் குளங்கள் இருந்தன என்பதற்குச் சான்று, அவற்றில் மீன் திருடுவோருக்குத் தண்டனை விதித்த, சுமார் 1400-ஆம் ஆண்டைச் சேர்ந்த சட்டநூலாகும். அங்கே பெரிதும் வளர்க்கப்பட்டது பால்கெண்டை. கடலோரத்தில் பிடித்த சிறு குஞ்சுகளே அதற்கு விதை; இரையைக் குளமே விளைவித்தது. நீரை வடித்து, அடிச்சேறு வெடிக்குமாறு வெயிலில் உலர்த்தி, பின்னர்ச் சிறிதளவே நீர் பாய்ச்ச, அச்சேற்றின்மேல் நுண்பாசிகள் கம்பளம்போலப் படரும். 'கிளேகாப்' என்று அந்நாட்டார் வழங்கும் அதுவே மீனுக்கு உத்தமமான ஆகாரம்.

மழைக்காலத்தில் உப்புக் குறையவே, அப்படலம் நலிந்து, இளங்குஞ்சுகளால் எளிதில் ஜீரணிக்கவியலாத நூற்பாசி தலையெடுக்க, வளர்ச்சி தளர்ந்துவிடும். கோடையிலோ நீர் ஆவியாகி உவர்ப்பு அளவுமீறினால், நன்னீரிலும் கடலினும் உவர்த்த நீரிலும் உயிர்தாங்க வல்ல பால்கெண்டை சாகாதெனினும், உடலின் உப்புச் சமநிலையைக் காப்பதிலே இரையின் சக்தியைச் செலவிட்டுப் பருக்கமாட்டாது. சோதனைச்சாலையின் துணையின்றி, மதகுப் பலகையை ஏற்றியும் இறக்கியும் உப்பையும் இரையையும் ஒருங்கே ஆண்ட அக்குடியானவர்களின் அனுபவ ஞானம், விஞ்ஞானம் என்னும் பெயரை முழு உரிமையோடு பெறத்தக்கது என்பதே என் துணிபு.