மொந்தெர்க்கியின் பேற்று மாதா: ஊரும் ஓவியமும் பெயரும்

ஓர் ஊரின் வரலாற்றை ஆராய்வோர்க்கு அரண்களும் ஆவணங்களும் துணைபுரிவது போலவே, அவ்வூரில் வழங்கும் பெயர்களும் சான்றாகின்றன. இத்தாலியின் டஸ்கனிப் பகுதியில், உம்பிரிய எல்லையை ஒட்டிய குன்றின்மீது அமைந்த மொந்தெர்க்கி என்னும் சிற்றூரையும், அங்குள்ள சுவரோவியம் ஒன்றின் பெயரையும் கொண்டு இக்கருத்தை இக்கட்டுரை விளக்க முற்படுகிறது.

1. ஊர்

'ஹெர்க்குலிஸின் மலை' எனப் பொருள்படும் இலத்தீன் தொடரின் திரிபே மொந்தெர்க்கி என்பர். சமயம் மாறிய பின்னும் தொல்தெய்வத்தின் பெயர் ஊர்ப்பெயரில் எஞ்சி நிற்கிறது. மறுமலர்ச்சிக்கால ஓவியர் பியரோ தெல்லா பிரான்செஸ்காவின் (இறப்பு 1492) தாய் இவ்வூரினர் என்பதும் குறிப்பிடத்தக்கது.

2. ஓவியம்

ஊருக்கு வெளியே மோமெந்தானா என்னுமிடத்தில் இருந்த மரியன்னை ஆலயத்தில், 15ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியை ஒட்டிப் பியரோ இவ்வோவியத்தைத் தீட்டினார். மாதுளை வேலைப்பாடு கொண்ட கூடாரத்தின் திரையை வானதூதர் இருவர் விலக்கிப் பிடிக்க, நடுவே நிறைசூலியாகிய மரியா நிற்கிறாள். அவளுடைய நீல ஆடை முன்புறம் நெகிழ்ந்திருக்க, வலக்கை அவ்விடத்தில் படிந்துள்ளது. வானதூதர் இருவரும் ஒரே மாதிரிவரைவை இடவலம் மாற்றி வரையப்பட்டவர்கள்.

கல்லறைத் தோட்டம் அமைப்பதற்காக 1785இல் ஆலயத்தின் பெரும்பகுதி இடிக்கப்பட்டது. ஓவியம் பியரோவுடையது என 1889இல் இனங்காணப்பட்டது. 1917ஆம் ஆண்டு நிலநடுக்கம் அப்பகுதியைத் தாக்கியது. 1992–93இல் செப்பனிடப்பட்டபின் ஓவியம் பழைய பள்ளிக் கட்டடம் ஒன்றில் காட்சிக்கு வைக்கப்பட்டது. நலமான பேறு வேண்டிப் பெண்கள் வணங்கிய உருவம் இவ்வாறு அருங்காட்சியகப் பொருளாயிற்று. எனினும், கருவுற்ற பெண்களிடம் அங்கு நுழைவுக் கட்டணம் பெறும் வழக்கமில்லை. பழைய பயன்பாட்டின் சுவடாக இதனைக் கருதலாம்.

3. பெயர்

ஓவியத்தின் பெயர் 'மதொன்னா தெல் பார்த்தோ'. 'பார்த்தோ' என்பது மகப்பேற்றைக் குறிக்குமேயன்றிக் கருவுற்ற நிலையைக் குறிக்காது. கருவுற்றவளைக் குறிக்க இத்தாலியத்தில் 'இன்சிந்தா' என்னும் சொல் உண்டு. 'கச்சை அணியாதவள்' என்று அதன் இலத்தீன் மூலத்திற்குச் செவில் நகர இசிதோர் (இறப்பு 636) பொருள் கூறினார். ஓவியத்தின் நெகிழ்ந்த ஆடை இவ்விளக்கத்தோடு பொருந்துகிறது. ஆயினும் பெயரில் அச்சொல் இல்லை. ஓவியம் காட்டுவது சூல். பெயர் சுட்டுவது பேறு. வணங்குவோர் வேண்டியதே பெயராயிற்று எனலாம். எனவே இப்பெயர் ஓவியத்தின் வருணனையன்று; அதன் பயன்பாட்டைச் சொல்வது.

இவ்வேறுபாடு மொழிபெயர்ப்பாளர்க்கு இன்றியமையாதது. 'கருவுற்ற மரியா' எனப் பெயர்த்தால் காட்சி மட்டுமே எஞ்சும், வேண்டுதல் மறைந்துவிடும். 'பேற்று மாதா' என்பதே மூலத்துக்கு அணுக்கமானது. தூத்துக்குடியின் 'பனிமய மாதா' போன்று, அடையுடன் 'மாதா' சேர்ந்த பெயரமைப்பு தமிழ்க் கத்தோலிக்க வழக்கில் முன்பே நிலைபெற்றுள்ளது. ஆனால் 'பேறு' என்னும் சொல்லுக்கு நற்பேறு என்ற பொருளும் உண்டு. விவிலியத் தமிழின் 'பேறுபெற்றோர்' என்னும் ஆட்சியை அது நினைவூட்டும். இத்தாலியச் சொல்லில் இப்பொருள் இல்லை. இதனை ஆதாயமாகக் கொள்வதா, மிகையாகக் கொள்வதா என்பதை மொழிபெயர்ப்பாளர் அறிந்தே முடிவு செய்தல் வேண்டும்.

தார்கோவ்ஸ்கியின் 'நொஸ்தால்கியா' (1983) திரைப்படத்தில் இவ்வோவியத்தைக் காண வருபவள் ஒரு மொழிபெயர்ப்பாளர். மண்டியிட முயன்றும் அவளால் இயலவில்லை. உருவத்தை அவள் காண்கிறாள். அது வணங்கப்பட்ட வழக்கினுள் அவளால் புக முடியவில்லை. சொல்லின் பொருளை மட்டும் அறிந்து அதன் வழக்கை அறியாத பெயர்ப்பும் இந்நிலையிலேயே நின்றுவிடுகிறது. பெயர்ப்பாளர் அகராதியோடு அமையாமல், பெயரை இட்டு வழங்கிய மக்களின் தேவையையும் ஆராய வேண்டும் என்பதே மொந்தெர்க்கி தரும் பாடமாகும்.