மண்ணும் மரமும் கல்லும்

திருக்கோயில் என்பது ஒரே காலத்தில் ஒரே பொருளால் ஆயதன்று. மண், மரம், செங்கல், கருங்கல், சுண்ணாம்பு என்பன இடத்திற்கும் தேவைக்கும் ஏற்ப வந்து பொருந்திய வரலாறே தமிழகத் திருக்கோயில்களின் வரலாறாகும். எதனைக் காத்தல் வேண்டும், எதனைப் புதுக்கலாம் என்பது அவ்வரலாற்றை உணர்ந்தார்க்கே விளங்கும். ஆதலின், திருப்பணியில் ஈடுபடும் அன்பர்கள் அதனை அறிந்துகொள்ளுதல் இன்றியமையாதது.

காவிரி பாயும் சோழ வளநாட்டில் மலைகள் அரியன. வண்டல் மண்ணோ மிகுதி. ஆகவே, ஆங்கு எழுந்த பழங்கோயில்கள் செங்கல்லாலும் மரத்தாலும் சுதையாலும் ஆயின. பாழ்பட்டு நின்ற செங்கற்சுவர்ப் பொதியில் ஒன்றை அகநானூறு காட்டுகின்றது. 2004ஆம் ஆண்டு ஆழிப்பேரலைக்குப் பின் மாமல்லபுரத்தை அடுத்த சாளுவன்குப்பத்தில் நிகழ்ந்த அகழாய்வில், பிற்காலக் கற்கோயிலின் அடியில் செங்கற்கோயில் ஒன்று வெளிப்பட்டது. கி.பி. 7ஆம் நூற்றாண்டில் மகேந்திரவர்ம பல்லவன் மண்டகப்பட்டில் குடைவித்த கோயிலின் கல்வெட்டு, செங்கல்லும் மரமும் உலோகமும் சுதையும் இன்றி அக்கோயில் ஆக்கப்பெற்றது என்று கூறும். அவன் எவற்றை விலக்கினான் என்று அக்கல்வெட்டுச் சொல்வதால், அக்காலத்தார் எவற்றால் கோயில் எடுத்தனர் என்பதும் உடன் பெறப்படுகின்றது.

கி.பி. 10ஆம் நூற்றாண்டில் செங்கற்றளிகள் பலவற்றைக் கற்றளிகளாக மாற்றிய பெருமை செம்பியன் மாதேவியார்க்கு உரியது. அவர் தில்லைப் பெருமான்மேல் திருவிசைப்பாப் பாடிய கண்டராதித்தரின் தேவியார். கணவனார் நினைவாக அவர் எடுப்பித்த திருநல்லம், இன்று கோனேரிராசபுரம் என வழங்குகின்றது. திருக்கோடிகாவில் பழைய கோயிலைக் கற்றளியாக்கியபோது, பழங்கற்களிற் கிடந்த கல்வெட்டுகளைப் படியெடுத்துப் புதிய சுவரில் மீளப் பொறிக்கச் செய்தார். அவை பழங்கல்லின் படி என்பதும் ஆங்கே குறிக்கப்பெற்றது. முன்னிருந்தோர் அளித்த ஒரு விளக்கிற்குரிய அறமும் மறைந்துவிடலாகாது என்னும் கருத்தே அச்செயலில் விளங்குகின்றது. கோயிலைப் புதுக்குதல் குற்றமன்று. பழமையை அழியாது புதுக்குதலே திருப்பணி என்பதற்கு அவ்வம்மையார் செயல் சான்று.

1010ஆம் ஆண்டில் முதலாம் இராசராசன் தஞ்சையில் இராசராசேச்சரத்தை நிறைவுசெய்தான். அருகில் மலையில்லாத அவ்வூர்க்குக் கற்களைத் தொலைவிலிருந்து கொணர்ந்து, 200 அடிக்கு மேல் உயர்ந்த விமானத்தை எழுப்பினான். எனினும், கல்லே எங்கும் சிறந்தது என்று முன்னோர் கொண்டாரல்லர். பிற்காலத்து நெடிய கோபுரங்களை நோக்கின் இது புலனாகும். அவற்றின் அடித்தளம் கருங்கல். மேல்நிலைகள் செங்கல்லும் சுதையும். மேலே சுமை குறைதல் வேண்டும் என்னும் அறிவே இதற்குக் காரணம், பொருட்குறை அன்று.

அச்செங்கல்லைப் பிணித்தது சுண்ணாம்புக் காரை. சுட்ட சுண்ணாம்பை நீற்றி, மணல் கூட்டி, கடுக்காய் ஊறிய நீரும் வெல்லமும் சேர்த்து, செக்கிலிட்டு நன்கு அரைப்பர். பூசிய காரை காற்றிலுள்ள கரியமிலவாயுவை ஏற்று, மெல்ல மெல்ல மீண்டும் சுண்ணாம்புக் கல்லாகின்றது. உள்ளே புகுந்த ஈரத்தை ஆவியாக வெளிவிடுகின்றது; சுவர் சிறிது அசைந்தாலும் அதற்கு இசைந்து கொடுக்கின்றது. 1824இல் இங்கிலாந்தில் உரிமம் பெற்ற போர்ட்லண்டு சிமெண்டோ கடினமானது. ஈரத்தை எளிதில் வெளிவிடாதது. பழஞ்சுவரின்மேல் அதனைப் பூசினால், நீர் உள்ளே தங்கும். உப்புப் பூத்துச் செங்கல்லும் சுதையும் உதிரும். புதுக் கட்டடங்கட்கு உதவும் பொருளே பழங்கோயிலுக்குக் கேடாதல் இவ்வாறு.

மணல்வீச்சு முறையால் கல்லைத் தூய்மை செய்தல் அதனினும் கொடிது. அழுக்கோடு கல்லின் மேற்புறமும் தேய்ந்து, கல்வெட்டின் எழுத்துகளும் சிற்பத்தின் நுண்மையும் போய்விடும். தரையை மேன்மேலும் உயர்த்திக் கல் பாவுவதால், அடித்தளத்து எழுத்துகள் மண்ணுள் மறைகின்றன. மாதேவியார் படியெடுத்துக் காத்தவற்றைப் பிற்காலத்தார் பொருள் செலவிட்டு அழித்தல் முறையாகுமோ?

கும்பாபிடேகத்தின்போது சாத்தும் அட்டபந்தன மருந்தும் ஈண்டுக் கருதத்தக்கது. கொம்பரக்கு, சுக்கான், குங்கிலியம், கற்காவி, செம்பஞ்சு, சாதிலிங்கம், தேன்மெழுகு, எருமை வெண்ணெய் என்னும் எட்டும் சேர்த்து இடித்துப் பதமாக்கப்படுவது அது. 12 ஆண்டுகட்கு ஒருமுறை அதனைப் புதுப்பித்தல் மரபு. காலந்தோறும் புதுப்பிக்கும் கடமையைப் பின்வருவோர்க்கு வைத்தே முன்னோர் இயற்கைப் பொருள்களைக் கையாண்டனர். பழுது நேருங்கால் பழுதுற்ற பகுதியை மட்டும் நீக்கி, அதே பொருளால் நிரப்புதற்கு அவை இடந்தருவன.

ஆதலின், பொருளுதவும் அன்பர்கள் எவ்வளவு பளபளப்பு உண்டாயிற்று என்று நோக்காது, எத்துணைப் பழமை காக்கப்பெற்றது என்று கேட்பாராக. சுண்ணாம்பு அரைக்கும் தொழிலாளர்க்கும் சுதை வேலை அறிந்த தபதியர்க்கும், கல்வெட்டுகளைப் படியெடுக்கும் பணிக்கும் உதவுவாராக. அத்தகைய கொடையே கோயிலை வருந்தலைமுறைக்கு முழுமையாக ஒப்படைக்கும் சிவபுண்ணியமாம்.